ஒரு பலகைக்குக் கப்பல் வரணுமா?

சென்னையில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது என்று தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்லிப் பாருங்கள். "கோவளத்துல சர்ஃபிங்தானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். இல்லை சாமி, நிஜமாகவே பாய் கட்டிய படகு. துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் ஆரம்பித்தது. அதற்குக் காரணமானவர் அப்போதைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய கே.சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னைப் பையன்கள். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணனும் இதே ஊர்தான்.

அப்புறம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? "அது பணக்காரங்க ஆட்டம்" என்பது ரெடிமேட் பதில். இன்றைய தேதிக்கு உண்மைதான். ஆனால் அந்த ஆட்டம் பணக்கார ஆட்டமாகப் பிறக்கவில்லை. அப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆக்கிய விதத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் படகின் விலையை விட, படகு உடைந்த பிறகு கேட்கப்படும் விலைதான் பெரிய வில்லனாகத் தெரிகிறது. அதாவது உதிரி பாகம். ஸ்பேர் பார்ட்!

முதலில் ஒரு பழைய கதை.

1947, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற சின்ன ஊர். அங்கே பசங்களுக்கு 'சோப்புப் பெட்டி வண்டி' பந்தயம் உண்டு. பழைய மரப்பெட்டியில் நாலு சக்கரம் மாட்டி, எஞ்சின் இல்லாமல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருட்டி விடுவார்கள். இதையே தண்ணீரில் செய்தால் என்ன என்று மேஜர் கிளிஃப்டன் மெக்கே என்பவருக்குத் தோன்றியது. உள்ளூர் படகு கட்டுபவர் கிளார்க் மில்ஸிடம் போனார். நிபந்தனை ஒன்றே ஒன்று: 50 டாலருக்குள் முடிய வேண்டும், அப்பாவும் பிள்ளையும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்ய வேண்டும். மில்ஸ் 4-க்கு 8 அடி பிளைவுட் பலகையைக் கணக்கு வைத்து வரைந்தார். 8 அடிக்குள் கூர்மையான மூக்கு அடங்கவில்லை, மூக்கை வெட்டி மொட்டையாக்கி விட்டார். வரைபடத்தை இலவசமாகவே கொடுத்தார். அதுதான் 'ஆப்டிமிஸ்ட்'. இன்றைக்கு நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொள்வது இந்த மொட்டை மூக்குப் படகில்தான். சென்னைப் பிள்ளைகளும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீளம் சுமார் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ரெண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

வீட்டில் செய்வதற்காகவே பிறந்த படகு இது. அதன் மூக்கே அதற்கு சாட்சி.

இப்போது என்ன நிலைமை? பந்தயத்தில் ஓடும் ஆப்டிமிஸ்ட் அநேகமாக எல்லாமே ஃபைபர்கிளாஸ், அங்கீகாரம் பெற்ற தொழிற்சாலைச் சரக்கு. பாய் வெளிநாட்டு பிராண்ட். தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கும் நடுப்பலகை, பின்னால் சுக்கான் பலகை எல்லாவற்றிலும் முத்திரை. கற்றுக்கொள்கிற குழந்தை மணலில் இடித்து சுக்கானை உடைத்தால் (உடைக்கும், உடைக்காத குழந்தை படகிலேயே ஏறவில்லை என்று அர்த்தம்), புதுச் சுக்கான் கடல் கடந்து வர வேண்டும். சுங்கம், சரக்குக் கட்டணம், தரகு எல்லாம் ஏறி வர வேண்டும். வருகிறவரை படகு கவிழ்ந்து கிடக்கும், குழந்தை கரையில் நிற்கும்.

ஒரு முழம் பலகைக்கு!

ஆப்டிமிஸ்டாவது பரவாயில்லை. அடுத்த படி லேசர், இப்போது இல்கா என்று பெயர். புரூஸ் கெர்பி வரைந்து, 1971 நியூயார்க் படகுக் கண்காட்சியில் 695 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. காரின் தலையில் கட்டிக்கொண்டு போகக்கூடிய எளிய படகு என்பதே அதன் விளம்பரம். 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இதன் விதி கறாரானது: கூடு, பாய்மரம், பாய், பொருத்தும் சாமான்கள் எல்லாம் உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து மட்டுமே வரலாம். அதே அளவு, அதே துணியில் வேறொருவர் தைத்த பாய், 'பயிற்சிப் பாய்' என்ற பெயரில் வெளிநாட்டில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றுக்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போனால் தகுதி நீக்கம்.

காமர்ஸ் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது புதிய விஷயம் இல்லை. பிரிண்டரை மலிவாக விற்று மையில் வசூல் செய்வது. ரேசர் கைப்பிடியைக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்து பிளேடில் பிடுங்குவது. வாங்குகிறவர் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டார், இனி வெளியே போக வழி கிடையாது. முதலில் போட்ட பணம் கண்ணை உறுத்தும், அதனால் மேலே மேலே போட்டுக்கொண்டே இருப்பார். மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. ரங்கநாதன் தெருவில் இதற்கு வேறு பெயர்.

இந்தியாவில் இது சட்டத்தின் கண்ணிலும் பட்டிருக்கிறது, ஆனால் காரில். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றச்சாட்டு இதுதான்: ஒரிஜினல் உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தது. (மேல்முறையீட்டில் அபராதம் என்ன ஆனது என்பது தனிக் கதை.) 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு தளமே திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைகள். படகு அதில் இல்லை. யார் கேட்டார்கள், போடுவதற்கு?

உலகப் பாய்மரப் படகு அமைப்புக்கே ஒரு கட்டத்தில் இது உறைத்தது. ஒலிம்பிக் படகுகளைத் தயாரிக்கும் உரிமை நியாயமான, பாரபட்சமில்லாத நிபந்தனைகளில் மற்ற தயாரிப்பாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தார்கள். 2019-ல் லேசர் சங்கத்துக்கும் ஐரோப்பியத் தயாரிப்பாளருக்கும் சண்டை முற்றி, உரிமம் போய், படகின் பெயரே இல்கா என்று மாறியது. புதுத் தயாரிப்பாளர்கள் வந்தார்கள். நல்லதுதான். ஆனாலும் பாய் கிழிந்தால் உரிமம் பெற்றவரிடம்தான் போக வேண்டும் என்பது மாறவில்லை. ஒரு கடைக்குப் பதில் ஏழெட்டு கடை, அவ்வளவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை கறாரான லேசர் விதியிலேயே சுக்கான் பிடிக்கும் அதோடு சேரும் நீட்டுக் கம்புக்கும் கிட்டத்தட்ட முழு விடுதலை உண்டு. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதனால் ஒலிம்பிக் கெட்டுப் போய்விட்டதா? ஆப்டிமிஸ்டில் இன்னொன்று. படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைக்க ஒரு சட்டி வேண்டும். உலக சாம்பியன் படகிலும் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் கேனை சாய்வாக வெட்டிய துண்டுதான். நம்மூரில் 5 லிட்டர் எண்ணெய் கேன். அதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. சட்டிக்கு இருக்கும் மரியாதை சுக்கானுக்கு ஏன் கிடையாது?

சரி, இதையெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தள்ளிவிடலாம். வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டில் நேரே கிழக்கே போய்ப் பாருங்கள். கோவளம் வரும். அங்கிருந்து வடக்கே கானத்தூர், நீலாங்கரை, தெற்கே நெம்மேலி என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஓடியது கட்டுமரம். ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' என்ற சொல்லே இங்கிருந்து போனது. வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்திலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இருக்கிறது. (இன்றைக்கு அந்தப் பெயரில் வெளிநாட்டில் விற்கும் இரட்டைக் கூட்டுப் படகின் விலையைக் கேட்டால் கோவளத்துப் பெரியவர் யாரும் நம்ப மாட்டார்.)

கட்டுமரம் என்றால் என்ன? மிதக்கும் லேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கி, கயிற்றால் கட்டியது. கட்டியது என்பதால்தான் அந்தப் பெயர். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் கரையில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பதால். மறுபடி கிளம்பும்போது மறுபடி கட்டு. ஒரு மரம் உளுத்துப் போனால் அந்த ஒரு மரத்தை மட்டும் மாற்றலாம், மற்றவை அப்படியே இருக்கும். கயிறு நைந்தால் வேறு கயிறு. மூங்கில் முறிந்தால் வேறு மூங்கில். பாய் கிழிந்தால் கையில் கிடைத்த துணியில் ஒட்டு. பழைய போட்டோக்களில் அந்த ஒட்டுப் போட்ட பாயைப் பார்க்கலாம், எத்தனை நிறம்! சும்மா சொல்லக்கூடாது, முழுப் படகும் உதிரி பாகங்களாலேயே ஆனது. எதற்கும் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக இன்னொரு படகு இருந்தது, மசூலா. துறைமுகம் கட்டும் முன்பு சென்னைக்குக் கப்பலில் வந்த கவர்னரும் அவர் சாமானும் கரை இறங்கியது இதில்தான். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து விறைப்பாக நிற்கும் படகை அலை தூக்கித் தரையில் போட்டால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல் விட்டால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் படகுகளையெல்லாம் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதே தையல் யோசனை 1963-ல் இங்கிலாந்தில் 'மிரர்' படகாக வந்தது. பிளைவுட் பலகைகளில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மேலே ஃபைபர்கிளாஸ் டேப் ஒட்டுவது. ஜாக் ஹோல்ட்டும், டிவியில் வீட்டு ரிப்பேர் சொல்லித் தந்த பாரி பக்னெல்லும் சேர்ந்து வடிவமைத்தது. டெய்லி மிரர் பத்திரிகை அதை ஒரு கிட்டாக 63 பவுண்டு சொச்சத்துக்கு விற்றது. சாதாரண குடும்பங்கள் வீட்டிலேயே செய்தார்கள். சுமார் 70,000 படகு. கடைக்காரர், வாத்தியார், மெக்கானிக் எல்லாம் அந்த ஊரில் பாய்மரப் படகு ஓட்டினார்கள் என்றால் அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே வழியை நம்ம பக்கத்திலும் ஒருவர் முயன்றார். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே, கட்டுமரக்காரர்களுக்காக மரைன் பிளைவுட்டில் சிறு படகுகளைச் செய்து, உள்ளூர் ஆட்களுக்கே கட்டக் கற்றுக்கொடுத்தார். 1985-ல் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார். தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சின்னது லேசு இல்லை என்று ஒப்புக்கொண்ட தலைப்பு. நேர்மையான மனுஷன். அந்தப் பிளைவுட் படகுகள் குமரி, கேரளக் கரைகளில் நிஜமாகவே பரவின.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் வேகமாகக் குறைந்தது, பாய் அதைவிட வேகமாக மறைந்தது. அதில் மீனவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எஞ்சின் இருந்தால் போன வேகத்தில் திரும்பலாம், காற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், உயிர் பயம் குறைவு. ஆனால் பாயோடு சேர்ந்து இன்னொன்றும் போனது: உடைந்ததைத் தானே செய்துகொள்ளும் பழக்கம். அதுவும் முழுக்கப் போகவில்லை. லாங் டெயில் எஞ்சினின் தண்டு வளைந்தால் இன்றைக்கும் லேத் பட்டறைக்குத்தான் போகிறது. கூடு வெடித்தால் கரையிலேயே ரெசினும் மேட்டும் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த நாள் காலை படகு கடலில். உயிரையே நம்பி ஓட்டுகிற படகை இவர்கள் இப்படி சரிசெய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குள் சுற்றுகிற படகுக்கு மட்டும் கப்பலில் பலகை வர வேண்டுமாம்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். நாலு பேர் சொல்வது.

முதல் மறுப்பு, பந்தயத்தில் சமநீதி. ஆளாளுக்குப் பலகை செய்தால் காசு உள்ளவன் கார்பன் ஃபைபரில் செய்துகொண்டு முந்துவான், அதனால்தான் எல்லாருக்கும் ஒரே அச்சு என்கிறார்கள். நியாயமான வாதம், மறுப்பதற்கில்லை. தேசியப் போட்டியில் அந்த விதி இருக்கட்டும். ஆனால் ஒரு படகு தன் ஆயுளில் எத்தனை நாள் பந்தயத்தில் இருக்கிறது? மற்ற நாளெல்லாம் யாரோ ஒரு பத்து வயசுப் பிள்ளை அதில் காற்று எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு எதற்கு ஒலிம்பிக் விதி? தெருவில் கிரிக்கெட் ஆட இங்கிலீஷ் வில்லோ பேட்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நாய் கூடத் திரும்பிப் பார்க்காது.

ரெண்டாவது, பாதுகாப்பு. இது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டிய விஷயம். சில சாமான்களை வீட்டில் செய்யவே கூடாது. லைஃப் ஜாக்கெட் செய்யக் கூடாது, வாங்கத்தான் வேண்டும். படகு கவிழ்ந்தால் மிதக்க வைக்கும் காற்றுப் பைகளும் அப்படியே. பாய்மரத்தைத் தாங்கும் ஒயரையும் அதன் ஷேக்கிள் கொக்கிகளையும் வெல்டிங் கடையில் வளைத்து வாங்கக் கூடாது. அது விட்டால் மரம் தலையில் விழும். இந்த நாலைந்தைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருக்கிற பெரிய பட்டியலில் எது உடைந்தாலும் நடப்பது ஒன்றுதான், படகு நின்றுவிடும், கூட வரும் மோட்டார் படகு இழுத்து வரும். தொழிற்சாலை சுக்கான் உடைந்தாலும் அதே மோட்டார் படகுதான்.

மூன்றாவது, 'மலிவு சாமான் ஒரு மாசத்தில் போய்விடும்'. தப்பான சாமானில் செய்தால் போகும்தான். இங்கேதான் நம்ம பக்கத்துக் கடைகளுக்கு வர வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் வரை ரெண்டு பக்கமும் பிளைவுட் கடை, ஹார்டுவேர் கடை. உள்ளே திருமுடிவாக்கம் சிட்கோவில் லேத் பட்டறைகள். இத்தனை வசதியை வைத்துக்கொண்டு ஒரு பலகைக்கு வெளிநாட்டைப் பார்ப்பது, வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தை வைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் க்யூவில் நிற்பது மாதிரி.

நடுப்பலகையும் சுக்கானும் செய்ய கமர்ஷியல் பிளை ஆகாது. தண்ணீர் பட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும். ஐஎஸ் 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளை கேட்க வேண்டும். கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்பார், நம்பக் கூடாது, முத்திரையைப் பார்க்க வேண்டும். பழைய பலகையை மேலே வைத்து பென்சிலில் வரைந்து அறுத்து, முன் ஓரத்தை உருண்டையாகவும் பின் ஓரத்தை மெலிந்து போகும்படியும் இழைக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை. மொட்டையாக விட்ட பின் ஓரம் தண்ணீரில் சுழல் கிளப்பி பலகையை அதிர வைக்கும், வேகத்தையும் குறைக்கும். ஆசாரி ஒருவர் கூட இருந்தால் அரை நாள் வேலை. அப்புறம் எபாக்சி மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள். ஓரங்களிலும் போல்ட் ஓட்டைக்குள்ளும் எபாக்சி இறங்க வேண்டும், தண்ணீர் நுழைவது எப்போதும் அங்கேதான். கடைசியாக மேலே பெயின்ட், வெறும் எபாக்சி வெயிலுக்குத் தாங்காது. மரத்துக்கு மேலே பாலியஸ்டர் ரெசினைப் பூசிவிட்டு உரிகிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு. அது ஃபைபர் கூட்டை ஒட்டுவதற்கானது, மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது.

கூட்டில் விரிசல் என்றால் அந்தப் பாலியஸ்டர் ரெசினே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். குப்பங்களில் ஃபைபர் வேலை செய்கிற பையன்கள் எல்லாருக்கும் இது தெரியும். கிளப்புகள் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் பாடம் எடுக்கச் சொன்னாலே போதும், சம்பளம் கொடுத்து.

பாய்தான் கஷ்டமான கேஸ். நீலத் தார்பாலினில் பாய் தைக்கலாம், வெளிநாட்டில் வீட்டிலேயே படகு கட்டுகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஓரங்களை ரெட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் பாலியஸ்டர் நூலில் ஜிக்ஜாக் தையல். நேர்த் தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறும். சாதாரண தையல் மெஷின் இழுக்காது, சோபா சீட், கார் சீட் தைக்கிற குஷன் கடை மெஷின் வேண்டும். ஆனால் மிகைப்படுத்த வேண்டாம்: தார்பாலின் பாய் சீக்கிரமே வடிவம் தளர்ந்து தொங்கும், வெயிலில் இற்றுப் போகும். பந்தயத்துக்கு லாயக்கில்லை. கற்றுக்கொள்ள ஏராளம்.

பாய்மரம் அலுமினியக் குழாய். அதில் ஸ்டீல் ரிவெட் அடிக்கும்போது நடுவே எதையாவது தடுப்பாக வைக்க வேண்டும், ஒரு சுற்று டேப்பாவது. இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் ரெண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304, கடலுக்கு 316 நல்லது, கேட்டு வாங்க வேண்டும். காற்றுத் திசை காட்ட பாயில் ஒட்டும் சின்ன நாடாவுக்கு உல்லன் நூல், அல்லது பரணில் கிடக்கும் பழைய ஆடியோ கேசட்டின் டேப். இளையராஜா கேசட்டாக இருந்தால் மனசு வராது, வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்.

நாலாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உண்மையான மறுப்பு அதுதான். 'லோக்கல்' என்ற சொல். அந்தச் சொல்லை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். கையால் செய்த சுக்கானோடு ஒரு பிள்ளை வந்தால் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் முக்கால்வாசி வீடுகளில் கடன் வாங்கியாவது ஸ்டிக்கர் ஒட்டிய பலகை வாங்குகிறார்கள். வாங்க முடியாதவர்கள் சத்தமில்லாமல் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை பிள்ளைகள் அப்படி நின்றன என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் என்ற பெண் வெள்ளி வாங்கினார். மத்தியப் பிரதேசத்து விவசாயியின் மகள். கடலே இல்லாத மாநிலம்! போபாலில் ஏரியில், அரசுப் பள்ளியில் கற்றவர். அங்கே படகும் பலகையும் அரசாங்கம் கொடுத்தது. இங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் அப்பா, தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் துறைமுகத்துக்குள் பந்தயப் படகில் ஏறியிருக்கிறார்கள்? அவர்களிடம் இல்லாதது என்ன, திறமையா, ஸ்டிக்கரா?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. பந்தயத்துக்கு லாயக்கில்லாமல் போன பழைய படகு எந்த கிளப்பிலும் ரெண்டாவது இருக்கும். அதை விதிக்கு வெளியே என்று அறிவித்துவிட வேண்டும். அதில் எதையும் யாரும் செய்து மாட்டலாம், உடைக்கலாம், மறுபடி செய்யலாம். செய்கிற பிள்ளைக்கே ஓட்ட முதல் உரிமை. முட்டுக்காடு மாதிரி அலையில்லாத தண்ணீரில் ஆரம்பிக்கலாம். செலவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி சுவரில் மாட்டி வைக்கட்டும், ஒரு பக்கம் வாங்கினால் என்ன விலை, மறு பக்கம் செய்ததற்கு என்ன செலவு என்று. ஒரு வருஷம் போதும். அந்த நோட்டைப் பார்த்த பிறகும் யாராவது 'லோக்கல்' என்றால் பேசிக்கொள்ளலாம்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், சுக்கான் பிடியின் நீட்டுக் கம்பில். படகின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி சுக்கானைத் திருப்ப உதவும் கம்பு அது. கறாரான லேசர் விதியே விட்டுவைத்த சாமான், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு மீட்டர் சொச்சம் அலுமினியக் குழாய், பிடியோடு சேரும் இடத்தில் எல்லாப் பக்கமும் வளைய ஒரு சாண் தடித்த ரப்பர் ஹோஸ், ரெண்டு பக்கமும் கிளாம்ப். கை வழுக்காமல் இருக்க சைக்கிள் ஹேண்டில் பார் டேப் சுற்றி, குழாயின் ரெண்டு முனையையும் தண்ணீர் ஏறாமல் கார்க்கும் எபாக்சியும் வைத்து அடைக்க வேண்டும், கை நழுவிக் கடலில் விழுந்தாலும் மிதக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகும், பசை காய ஒரு ராத்திரி.